ஒரு இரும்பு உருண்டை கொடுத்தால்தான் ரெயில் ஓடும்!

ஸ்ரீரங்கத்தில் 1-ம் நம்பர் பஸ் ஏறுங்கள். காவிரியைத் தாண்டி, திருச்சி மத்திய பஸ் நிலையத்தில் இறங்குங்கள். அருகிலேயே ஜங்ஷன். அந்தப் பக்கத்தில்தான் ரெயில் காட்சிசாலை இருக்கிறது. 2014-ல் திறந்தார்கள்.

வெளியே நீராவி என்ஜின் நிற்கிறது. பிள்ளைகளை அதைவிட்டுக் கிளப்புவது பெரும்பாடு!

உள்ளே ராஜா ராணி சாமான்கள் கிடையாது. மணி, கடிகாரம், விளக்கு, ஊழியர்கள் சட்டையில் குத்திய வில்லை, பீங்கான் தட்டு... எல்லாம் வேலைக்குப் போன மனிதர்களின் கை பட்ட பொருள்கள். (பீங்கான் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். மூன்றாம் வகுப்பில் போன நம் தாத்தாவுக்குப் புளியோதரைப் பொட்டலம்தான்!)

நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் ரெயில் வந்தது. மறு ஆண்டே திருச்சிக்கும் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த ரெயில் பட்டறை 1928-ல் பொன்மலைக்கு மாறியது. அன்று முதல் திருச்சியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது ரெயில்வே சம்பளத்தில்தான்.

உருண்டை செய்த காவல்

அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எதிரும் புதிரும் இரண்டு ரெயில் வந்தால் என்ன ஆகும்?

அதைத் தடுத்தது ஒரு இரும்பு உருண்டை. பெயர் டோக்கன். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு பொறி இருக்கும். இரண்டையும் மின்சாரக் கம்பி இணைக்கும். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பொறியில் இருந்து உருண்டை வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால், அது திரும்பப் பொறிக்குள் போகும்வரை வேறு உருண்டை வராது. உருண்டை இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது!

உருண்டையைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடுகிற ரெயிலை நோக்கி நீட்டுவார்கள். என்ஜினில் இருப்பவர் கையை விட்டு வாங்குவார். இருட்டிலும், மழையிலும் இதே வேலைதான். தவறவிட்டால் வண்டியை நிறுத்தி, பின்னால் ஓடிவந்து தேடி எடுக்க வேண்டும்.

மருதையாற்றில் நடந்தது

எதிரே ரெயில் இல்லை என்பதை உருண்டை சொல்லும். பாலம் இருக்கிறதா, இல்லையா? அதை எப்படிச் சொல்லும்?

1956 நவம்பர் 23. விடியாத நேரம். அடைமழை. சென்னையில் இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. அரியலூரைத் தாண்டியது. ஸ்ரீரங்கம் வழியாகத் திருச்சிக்கு வரவேண்டிய ரெயில் அது. மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. என்ஜினும், பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தூக்கத்தில் போனவர்கள் எத்தனை பேரோ!

ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பை ஏற்று ராஜினாமா செய்தார். பிரதமர் நேரு அதை ஏற்றுக்கொண்டார்.

இன்று அது இரட்டைப் பாதை. ஓடுவது மின்சார ரெயில். அங்கே உருண்டைக்கு வேலை இல்லை.

காட்சிசாலைக்குப் போகும்போது, வீட்டில் ஓய்வு பெற்ற ரெயில்வேக்காரர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். கைவிளக்கைப் பார்த்ததும், சிவப்பு எப்போது, பச்சை எப்போது, எப்படி ஆட்ட வேண்டும் என்று வெறுங்கையாலேயே ஆட்டிக் காட்டிவிடுவார்.