லேத்துக்கு ஏற்ற சக் எது?

விசைத்தறித் தண்டையும் பம்பு செட்டின் புஷ்ஷையும் சொந்தப் பட்டறையிலேயே கடைந்துகொள்ள லேத் வாங்கும் சங்கங்கள், பொருளைப் பற்றிச் சுழற்றும் சக்கினையும் ஆராய்ந்தே வாங்க வேண்டும். அது பொருந்தாவிடில் நல்ல லேத்தும் பயன் தராது.

மூன்று தாடைச் சக்கில் தாடைகள் ஒருங்கே நகர்ந்து பொருளைத் தாமே மையப்படுத்தும். உருண்டைக் கம்பிக்கும் அறுகோணக் கம்பிக்கும் இது விரைவானது. ஆயினும், உழைத்த சக்கில் 0.1 மில்லிமீட்டர் வரை மையப் பிசகு காண்பது இயல்பு. நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடையும் தனித்தே நகரும். சதுரப் பொருளையும் ஒழுங்கற்ற வார்ப்பையும் அது பற்றும். டயல் கேஜ் வைத்துப் பொறுமையுடன் திருத்தினால் பிசகு 0.02 மில்லிமீட்டருக்குள் அடங்கும். தேய்ந்த தண்டைத் தேயாத பகுதிக்கு ஒப்ப மையப்படுத்த இதுவே தக்கது. ஆகவே, பழுது வேலையே மிகுந்த சங்கம் ஒன்றைத்தான் வாங்க இயலுமாயின், நான்கு தாடையையே பரிந்துரைக்கிறோம்.

அளவைப் பொறுத்தவரை, லேத்தில் சுழலக்கூடிய பெரும விட்டத்தில் ஏறத்தாழப் பாதி போதும். 300 மில்லிமீட்டர் லேத்துக்கு 160 மில்லிமீட்டர் மூன்று தாடைச் சக் பொருந்தும். நான்கு தாடையாயின் 200 வரை போகலாம். அதனினும் பெரிதாயின் பாரம் பேரிங்கைத் தேய்க்கும்; விரிந்த தாடை லேத்தின் படுகையில் மோதும். சுழல்தண்டின் முனை மரையா, விளிம்பா என்பதையும் பார்த்தே வாங்குக.

சக்கில் பொறித்துள்ள வேகத்தை மீறலாகாது. சாவியைச் சக்கிலேயே விட்டு விசையைத் திறந்தால், அது பறந்து ஆளைத் தாக்கும். சங்கப் பணத்தினும் தொழிலாளியின் உயிர் பெரிதென்பதை நாம் மறவாதிருப்போமாக.