உங்களுக்குத் தெரியுமா? சிகரெட்டுக்குத் துண்டு போடும் மரம்

நம்மூர்ச் சரக்கொன்றை போலவே மஞ்சள் மஞ்சளாய்ப் பூச்சரம் தொங்கவிடும் மரம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. பெயர் லாபர்னம். இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிடைக்காத சிப்பாய்கள் இதன் இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். காரணம், இதிலுள்ள சைட்டிசின் என்ற பொருள்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலைதான். மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் இடத்தில் சைட்டிசின் முந்தி உட்கார்ந்துகொள்ளும். ஏக்கம் பாதி அடங்கும். அப்புறம் இழுக்கும் சிகரெட்டில் பழைய சுகம் இருக்காது. பல்கேரியாவில் 1964-லேயே இது மாத்திரையாகிவிட்டது. 25 நாள் கணக்கு: முதல் மூன்று நாள் தினம் ஆறு, பிறகு படிப்படியாகக் குறையும். ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை விட்டாக வேண்டும். இதை அடியொற்றிப் பிறந்ததே, 2006-ல் அமெரிக்கா அனுமதித்த வரெனிக்ளின் என்ற மாத்திரை.

எல்லா மூலிகைக்கும் இந்த ராசி இல்லை. 'இந்தியப் புகையிலை' எனப்படும் லோபீலியா (பெயரில்தான் இந்தியா, செடி வட அமெரிக்காவுடையது) சிகரெட்டை விடவைக்கும் என்ற இதே வாக்குறுதியோடு பல காலம் விற்றது. பலன் நிரூபணமாகாததால் 1993-ல் அமெரிக்கா அந்த விற்பனைக்குத் தடை போட்டது.

லாபர்னம் விதை கொடிய விஷம். நம் கொன்றையோ வேறு மரம், அதில் சைட்டிசின் கிடையாது. ஆகவே மரத்தடிக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணையும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.