'இன் டியூ கோர்ஸ்' என்றால் எப்போது?

குடும்பப் பென்ஷனுக்காக ஓர் அம்மாள் மனுப் போட்டு வைக்கிறாள். பதில் வருகிறது, இங்கிலீஷில். அடுத்த வீட்டுப் பையன் படித்துச் சொல்கிறான்: "இன் டியூ கோர்ஸ் கவனிப்பார்களாம், மாமி!" மாமிக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மாதம் பணம் வந்துவிடும் என்று மளிகைக் கடைக்காரரிடம் தவணை கூடச் சொல்லிவிடுகிறாள்.

கொஞ்சம் பொறுங்கள், மாமி! அந்த மூன்று வார்த்தைகளில் 'சீக்கிரம்' என்ற அர்த்தம் மருந்துக்கும் கிடையாது.

'டியூ' என்றால் உரியது, சேர வேண்டியது. வாடகை டியூ, இன்ஷூரன்ஸ் டியூ என்கிறோமே, அதே டியூதான். 'கோர்ஸ்' என்பது ஓட்டத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நதி ஓடும் வழிக்கும் அதே பெயர். ஆக, காரியம் அதற்குரிய வழியில் ஓடி, உரிய வேளையில் முடியும் என்பது பொருள். உரிய வேளை எது? அதைத் தீர்மானிக்கிறவர் கடிதம் எழுதியவர், நீங்கள் அல்ல. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

செக், புரோநோட்டு சம்பந்தமான 1881-ம் வருஷத்துச் சட்டத்திலும் இந்தச் சொற்றொடர் வருகிறது. 'பேமெண்ட் இன் டியூ கோர்ஸ்' என்றால் அங்கே நல்லெண்ணத்தோடு, கவனக் குறைவு இல்லாமல், முறைப்படி பணம் கொடுப்பது. சட்டத்துக்கு முறைதான் முக்கியம். காரியாலயக் கடிதத்திலோ முறை மறைந்து போய், காத்திருப்பது மட்டும் மிஞ்சிவிட்டது!

'பரீட்சை முடிவுகள் இன் டியூ கோர்ஸ் வெளியாகும்' என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் மேலதிகாரி "ரிப்போர்ட் எப்போது வரும்?" என்று கேட்டால் இதை எழுதிவிடாதீர்கள். 'எனக்குத் தோன்றுகிறபோது வரும், ஐயா' என்று தொனிக்கும். விரைவில் என்பதற்கு 'ஷார்ட்லி' இருக்கிறது. உடனே என்பதற்கு 'அட் ஒன்ஸ்' இருக்கிறது. எல்லாவற்றையும்விடத் தேதியைக் குறிப்பிடுவது உத்தமம்.

சரி, மாமி என்ன செய்வது? சர்க்கார் காரியாலயமானால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'என் மனு என்றைக்கு வந்து சேர்ந்தது? இப்போது யார் மேஜையில் இருக்கிறது?' என்று அதன்படி எழுதிக் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் 'இன் டியூ கோர்ஸ்' செல்லாது. 30 நாள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளைக்குள் அங்கேயே அதற்கென உள்ள மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். மனுவின் நகல் ஒன்று கைவசம் இருக்கட்டும்.