பால்மரக் காட்டில் பிறந்த தமிழ்

1887-இல் வார்சாவில் சாமன்ஹோஃப் என்ற கண் மருத்துவர் எஸ்பெராண்டோ மொழியை வெளியிட்டார். தனி ஒருவர் இலக்கணம் வகுத்து ஆக்கிய மொழி அது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் ஒரு பேச்சு உருவாகத் தொடங்கியிருந்தது. அதை ஆக்கியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டாளிகள். அதனாலேயே அதை மொழியென்று மதிக்கத் தவறினோம்.

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் முதலில் காப்பி பயிரானது. காப்பி விலை சரிந்ததும் ரப்பர் வந்தது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். ஊரில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிராதவர்கள், லிங்கியிலும் ரந்தாவிலும் பகாவிலும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். மேலே வெள்ளைக்காரத் துரை. கணக்கெழுத யாழ்ப்பாணத்தாரோ மலையாளியோ கிராணியாக இருப்பார். வேலிக்கு அப்பால் மலாய்க்காரர் வாழும் கம்பம். எல்லாருக்கும் புரியும்படி பேசியாக வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது தோட்டத்துத் தமிழ்.

விடியுமுன் பெரட்டு. அங்கே பெயர் கூப்பிட்டு, அவரவருக்கு மர நிரை பிரித்துக் கொடுப்பார் மேற்பார்க்கும் தண்டல். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு காட்டுக்குப் போய் மரம் சீவவேண்டும். கித்தா என்னும் ரப்பர் மரத்தில் வடிவது மங்கு என்னும் கிண்ணத்தில் சேரும். மரத்திலேயே உறைந்தது ஒட்டுப்பால். தாய் வேலைக்காட்டில் நிற்க, பிள்ளை ஆயாக் கொட்டகையில் வளரும். ஊருக்குப் போகும் தார்ச்சாலை சடக்கு. அதில் தூரத்தைக் கட்டை, அதாவது மைல், கணக்கில் சொல்வார்கள். யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, “பசியாறியாச்சா?” ஆங்கிலம், மலாய், தமிழ் எதுவானாலும் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். ஒரு வேலைநாள் முழுவதையும் சொல்லிமுடிக்கும் சொற்களஞ்சியம் இப்படித்தான் திரண்டது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டுமென்று 1923 தொழிலாளர் சட்டம் விதித்தது. வகுப்பில் ஏட்டுத் தமிழ், லயத்தில் தோட்டத் தமிழ் என இரண்டோடும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இந்தியாவிலிருந்து கங்காணிகள் வழியான ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. அதன்பின் இந்தப் பேச்சை வளர்த்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். 1960-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இராம சுப்பையா கீழ்ப் பேராக் தமிழ் வழக்குகளின் சொற்களை ஆராய்ந்து நூலாக்கினார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அப்படியொரு நூல் தேவை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பானைச் சுற்றிப் பல தோட்டங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளாகிவிட்டன. லின்சம், கெடிஸ் போன்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. ஆனால் மங்குகளைக் கழுவிக் கவிழ்த்த கைகளுக்கு வயதாகிவிட்டது. அந்தத் தலைமுறையோடு சொற்களும் போய்விடும்.

இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கியது பெருந்தவறு. நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றும் தன் வட்டாரத் தோட்டச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுக்கட்டும். மாணவர்களே அதைச் செய்யலாம். வாசகர்களே, உங்கள் வீட்டில் மரம் சீவிய பாட்டி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.