படிக்கட்டில் பளபளப்பு வேண்டாம்

எமது புடவைக் கடையின் மேல்மாடிக்குச் செல்லும் சீமெந்துப் படிகள் ஓரம் உடைந்து அழகற்றுக் கிடந்தன. சில வருடங்களுக்கு முன் அவற்றைத் திருத்தியபோது, தரைக்கு வாங்கிய பளபளப்பான டைல்களையே படிகளுக்கும் பதிக்கச் சொன்னேன். "முதலாளி, படிக்கு இது சரிவராது" என்றார் மேசன் பாஸ். நான் கேட்கவில்லை. முதல் மழையிலேயே, நனைந்த செருப்புடன் இறங்கிய வயதான உம்மா ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வைத்தியச் செலவை நான் ஏற்றேன். ஆனால் அந்தக் குடும்பம் பிறகு எமது கடைக்கு வரவேயில்லை.

படி என்பது கண்ணுக்கல்ல, காலுக்கு. இதை மனதில் வைத்தே பொருளைத் தெரிவு செய்ய வேண்டும்.

டைல் பதிப்பதானால் சொரசொரப்பான மெட் வகையைக் கேளுங்கள். பல கம்பனிகள் வழுக்காத தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை இலக்கமிட்டுத் தருகின்றன. இலக்கம் கூடக் கூட வழுக்கல் குறையும். ஈரக் கால்கள் ஏறும் கடைப் படிக்கு ஆர் 10இற்குக் குறையக் கூடாது. ஓரத்துக்கு ரப்பர் பதித்த அலுமினியப் பட்டி பூட்டுங்கள். அதன் நிறம் படியின் நிறத்திலிருந்து வேறுபட்டால் இறங்குபவருக்கு ஓரம் தெளிவாகத் தெரியும்.

பலகைப் படி வீட்டுக்கு அழகு. தேக்கும் பலாவும் நன்கு உழைக்கும். ஆனால் பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் படி கிறீச்சிடும். உலர்ந்த மரம்தானா என்று பார்த்து வாங்குங்கள். மினுங்கும் வார்னிஷ் வேண்டாம், மெட் வார்னிஷே போதும். பாரமான சாமான் ஏற்றும் கடைக்குப் பலகை ஒத்துவராது, விரைவில் அடிபட்டுவிடும்.

கையில் பணம் குறைவென்றால் பழைய சீமெந்துப் படியின் உடைந்த ஓரங்களை மட்டும் செதுக்கிப் பூசி, பட்டி பூட்டினாலும் போதும். மெழுகு பொலிஷ் மட்டும் போடாதீர்கள்.

பலர் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. பழைய படிமேல் டைலும் சாந்தும் சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும். கீழ்த்தளமும் மேல்தளமும் அப்படியே இருந்தால், முதற்படி ஓர் அங்குலம் கூடும், கடைசிப்படி ஓர் அங்குலம் குறையும். கால் ஒரே அளவுக்குப் பழகியது. அந்த ஓர் அங்குலத்தில்தான் இடறும். ஆகவே வேலை தொடங்குமுன் பாஸை அழைத்து ஒவ்வொரு படியையும் அளந்து பாருங்கள். தேவையானால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் பதியுங்கள்.

வேலையைப் பெருநாள் வியாபாரம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சாந்து இறுகுமுன் ஆட்கள் ஏறினால் டைல் அசைந்துவிடும்.

இரண்டாம் முறை மெட் டைலுக்கும் பட்டிக்கும் செலவழித்தேன். முதலிலேயே பாஸின் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு செலவோடு போயிருக்கும். ஒரு வாடிக்கைக் குடும்பத்தையும் இழந்திருக்க மாட்டேன்.