வீட்டு வன்முறையிலிருந்து குழந்தைகளைக் காத்தல்

தான் அடி வாங்காத குழந்தையும் வீட்டு வன்முறையால் பாதிக்கப்படலாம். தந்தை தாயை அடிப்பதைப் பார்ப்பது, அடுத்த அறையிலிருந்து அலறலைக் கேட்பது, மறுநாள் தாயின் முகத்தில் வீக்கத்தைக் காண்பது ஆகிய யாவும் இதில் அடங்கும். "குழந்தை தூங்கிவிட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது" என்று பெரியவர்கள் நினைப்பது பல வேளைகளில் தவறாகிவிடுகிறது.

பாதிப்புகள்

சிறு குழந்தைகள் தூக்கத்தில் அலறுவதும், படுக்கையை நனைப்பதும், தாயை விட்டு நகர மறுப்பதும் உண்டு. பள்ளி செல்லும் வயதில் காரணம் தெரியாத வயிற்றுவலி, கவனக்குறைவு, பிறரை அடித்தல் ஆகியவை தோன்றலாம். 1961இல் ஆல்பர்ட் பாண்டுரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் பின்னர் அதே போல் அடித்தனர்.

பெற்றோர் செய்யக்கூடியவை

சண்டையைக் கையாளுதல்: குரல் உயரத் தொடங்கியதும் பேச்சை நிறுத்தி, கோபம் தணிந்தபின் தொடரலாம். குழந்தையின் முன் சண்டை நடந்துவிட்டால், சமாதானம் ஆனதையும் அது காண வேண்டும். "இதற்கு நீ காரணமில்லை" என்று சொல்வது அவசியம். குழந்தையைத் தூது அனுப்புவதும், "நீ யார் பக்கம்?" என்று கேட்பதும் கூடாது.

அடிக்காமல் கண்டித்தல்: 'அடியாத மாடு படியாது' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால் அடி, வலிமையுள்ளவர் அடிக்கலாம் என்பதையே கற்பிக்கிறது. சுவரில் கிறுக்கிய குழந்தையை அதைத் துடைக்கச் சொல்வது போல, தவறோடு தொடர்புடைய கண்டிப்பே பயன் தரும். வீட்டிலும் குழந்தைகளை அடிப்பதை முதலில் தடை செய்த நாடு சுவீடன் (1979).

திரையைக் கவனித்தல்: கொலை, விபத்துக் காட்சிகள் வரும் செய்திகளையும் தொடர்களையும் சிறு குழந்தைகள் இருக்கும்போது தவிர்க்கலாம். எதிர்பாராமல் பார்த்துவிட்டால், அது குறித்து அவர்களிடம் பேச வேண்டும்.

ஒருவர் மட்டுமே வன்முறையாளராக இருந்தால்

மேற்கூறியவை இருவரும் மனம் வைத்தால் நடப்பவை. ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து அடித்து அச்சுறுத்தும் வீட்டில், "குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்" என்ற அறிவுரை குழந்தையைக் காப்பாற்றாது. அடிபடுபவர் அமைதியாக இருந்தால் அடி நின்றுவிடும் என்பதும் உறுதியில்லை. அத்தகைய வீட்டில்:

• சண்டையின் நடுவே புகுந்து தடுக்கக் கூடாது என்று குழந்தையிடம் சொல்லி வைக்க வேண்டும்.
• எந்த உறவினர் அல்லது அண்டை வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும்.
• குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 ஆகியவற்றைக் குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.
• பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்களை எளிதில் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்ட பெண் நேரடியாகவோ பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, குழந்தைகளைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் ஆணை ஆகியவற்றை இச்சட்டத்தின் கீழ் பெற முடியும்.