வண்டி சூடானால் ஏன் நின்றுபோகிறது?



ஓம் விதி, மின்காந்தத் தூண்டல் எல்லாம் பரீட்சையோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன கோடை லீவில் எங்க வண்டி அப்படி விடவில்லை.

அம்மாவுக்கு நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். அப்பா விடியற்காலையில் எங்க பழைய 100 சி.சி. வண்டியில் கடலூர் முதுநகர் போய், ஐஸ் போட்ட மீன் பெட்டியோடு திரும்புவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்னப் படகு மீன்தான் கிடைக்கும், விலையும் அதிகம். ஒரு பெட்டி கெட்டாலும் அன்றைக்கு நஷ்டம்தான். சரியாக அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிஷம் நன்றாக ஓடும். திடீரென்று சுவிட்ச் ஆஃப் பண்ணின மாதிரி நின்றுவிடும். திரும்பி வரும்போது கிருமாம்பாக்கம், இல்லை தவளக்குப்பம். எவ்வளவு உதைத்தாலும் வராது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்! அதற்குள் ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடும்.

முதலில் ஒரு கடையில் பிளக் மாற்றினார்கள். மறுபடி நின்றது. சி.டி.ஐ. யூனிட் மாற்றினார்கள். மறுபடியும் நின்றது. 1,400 ரூபாய் போனதுதான் மிச்சம். "இன்னாடா இது, பேய் புடிச்ச வண்டியா?" என்றார் அப்பா.

பிறகுதான் எங்க தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "எப்ப நிக்குது? எவ்ளோ நேரத்துல திரும்பி வருது?" என்றுதான் முதலில் கேட்டார். அப்பா சொல்லச் சொல்ல, "சூட்டுல மட்டும் வர்ற கோளாறை ஆறின வண்டியில தேடினா எப்படிண்ணே கிடைக்கும்?" என்றார். விஷயமே அதுதான்.

பெட்ரோல் வண்டியில் பிஸ்டன் மேலே வரும்போது சரியான நொடியில் பிளக்கில் பொறி விழவேண்டும். பழைய ராஜ்தூத், புல்லட்டில் இந்த நேரத்தைச் சொன்னது 'பாயின்ட்'. எங்க வண்டி மாதிரி சி.டி.ஐ. வண்டிகளில் அந்த வேலை பிக்கப் காயிலுக்கு. 'பல்சர் காயில்' என்றும் சொல்வார்கள். உள்ளே ஒரு சின்னக் காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி. எஞ்சினோடு சுற்றும் மேக்னட் வீலின் வெளிப்பக்கம் ஒரு மேடு இருக்கும். அது காயிலைத் தாண்டும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் ஒரு சின்ன மின்துடிப்பு பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தாரே, அதேதான்! அந்தத் துடிப்பு வந்தால்தான் சி.டி.ஐ. தன்னிடம் சேர்த்த மின்சாரத்தை இக்னிஷன் காயிலுக்குத் தள்ளும். அங்கே 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏறிப் பொறியாகும். துடிப்பு இல்லையென்றால் பொறியும் இல்லை.

முதல் சோதனை ஆறின வண்டியில். சி.டி.ஐ. பக்கத்துக் கப்ளரைக் கழற்றினார். பச்சைக் களிம்பு! மீன் தண்ணீர், உப்பு, வேறென்ன. 'இதுதான் குற்றவாளி' என்று நான் குதித்தேன். சுத்தம் செய்தார். மல்டிமீட்டரில் காயிலின் மின்தடை 206 ஓம். எங்க வண்டிக்கு 200 பக்கம் இருந்தால் சரியாம். அப்படியென்றால் காயில் நல்லாத்தானே இருக்கு?

"இரு தம்பி" என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அரை மணி கழித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் உடம்பு படும்படி வைத்து உதைத்தார், பொறி இல்லை. (இதை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். ஷாக் அடிக்கும், பக்கத்தில் பெட்ரோல் இருந்தால் அதைவிட ஆபத்து.) சாவி ஒயரைப் பிரித்துவிட்டும் பொறி வரவில்லை. ஆகவே சாவி சுவிட்சில் கோளாறு இல்லை. உடனே கப்ளரில் மீட்டரை வைத்தார். திரையின் இடது ஓரத்தில் '1'.

"ஒரு ஓம்! ஷார்ட் ஆயிடுச்சிண்ணே!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அந்த மஞ்சள் மீட்டரில் ஓரத்தில் தனியாக 1 வந்தால் ஒரு ஓம் இல்லை. அளக்க முடியாத அளவு தடை, அதாவது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நேர் எதிர்!

செம்பு சூடானால் தடை கூடும் என்று படித்திருக்கிறோம். 50 டிகிரி ஏறினால் 100க்கு 20 போலக் கூடும். 206 என்பது 247 ஆகலாம், அது நோய் இல்லை. '1' ஆவதுதான் நோய். அறுந்தது காயிலிலா, வரும் ஒயரிலா? காயில் பக்கத்தில் நேராக வைத்தார், அங்கேயும் '1'. ஒயர் தப்பித்தது. பிறகு ஈரத்துணியை மேக்னட் கவர் மேல் போட்டார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு நிமிஷத்தில் 1 மறைந்து 233 வந்தது! அப்புறம் மெல்ல மெல்ல இறங்கியது. உள்ளே மயிரிழை விரிசல். சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

புதுக் காயில் 250 ரூபாய். மேட்டுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டு மாட்டினார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்தான். அதிலும் இதே மாதிரி சென்சார் உண்டு, கிராங்க் சென்சார் என்று பெயர். அது சொல்வதைக் கேட்பது கம்ப்யூட்டர். கோளாறு வந்தால் மீட்டரில் விளக்கு எரியும். கார்களில் பி0335 என்று கோடு வரும். அதன் பொருள் கிராங்க் சென்சார் 'சர்க்யூட்' கோளாறு. சென்சார் போச்சு என்று அது சொல்லவில்லை, ஒயராகவும் கப்ளராகவும் இருக்கலாம். பலர் கோடைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுகிறார்களாம். மூன்று ஒயர் வந்தால் பெரும்பாலும் ஹால் சென்சார், அதை இப்படி ஓம் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்றார் அண்ணன்.

மறுநாள் நானும் அப்பாவோடு முதுநகர் போனேன். தவளக்குப்பம் தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. மரப்பாலம் வந்ததும் அப்பா, "மீட்டர்னா இன்னா வெலைடா?" என்று கேட்டார்.

பழைய காயில் என்னிடம்தான் இருக்கிறது. இயற்பியல் சார் அனுமதி தந்தால் ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறேன். பாலித்தீன் கவரில் கட்டி வெந்நீரில் இறக்கினால், 206 எப்படி '1' ஆகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

— பதினோராம் வகுப்பு மாணவன்